பேக்கப் மாமா

பேக்கப் மாமா துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் என்பது, வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற நிதானத்திலேயே தெரிந்துவிடும். மனிதர் எவரேனும் காலமானால் அவர் போவதும் உண்டு, போகாமலிருப்பதும் உண்டு. ஆனால் குடியிருப்பில் இன்னார் வீட்டு லேப்டாப் போய்விட்டது, இன்னார் மகளின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்ற செய்தி வாட்ஸப் குழு மூலமாகவோ வாட்ச்மேன் மூலமாகவோ செவியில் விழுந்துவிட்டால், சாயங்காலக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, துவைத்த சட்டையும் முகத்தில் உரிய வாட்டமுமாகப் புறப்பட்டுவிடுவார்.

வந்தவுடன் வாய் திறக்கமாட்டார். கொடுத்த தண்ணீரில் ஒரு மிடறு அருந்தியபின், மேஜைமேல் கிடத்தியிருக்கும் லேப்டாப்பின் மூடியை உயர்த்தி, கறுத்துக் கிடக்கும் திரையை ஒரு கணம் உற்றுநோக்கி, ஓசைப்படாமல் மறுபடி மூடிவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

"எப்படி ஆச்சு?"

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, மாமா. காலையில எழுந்து பார்த்தா ஒண்ணும் வரலை."

"சத்தம் ஏதாவது?"

"டிக் டிக்னு ரெண்டு நாளா..."

"ரெண்டு நாளா!" என்று மாமா கண்களை மூடிக்கொள்வார். "அப்பவே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அதற்குப் பின் மரணத்தின் காரணத்தை விளக்குவார். நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டின்மேல், தலைமயிரின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் படிப்பு முனை பறந்துகொண்டிருக்கிறது என்றும், அது தன் ஸ்தானத்தைத் தேடி அலைந்து கிடைக்காமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் ஓசையே அந்த டிக் டிக் என்றும், பட்டயக் கணக்கியல் தேர்வுக்கான குறிப்புகள் அனைத்தையும் பறிகொடுத்துவிட்டு அழுது வீங்கிய கண்களோடு நிற்கும் பெண்ணுக்கு, விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டி அவர் விவரிக்கும்போது, அத்தனையும் சத்தியம் என்பதுதான் சகிக்க முடியாத விஷயம். சொல்வதில் ஒரு பொய் இருந்தால் மடக்கலாம். அந்தப் பாக்கியமும் நமக்கு இல்லை.

வியாக்கியானம் முடிந்ததும் ஒரு மௌனம். மின்விசிறியைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார், பிறகு, இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, மிகவும் மிருதுவாகக் கேட்பார்: "பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்க இல்லையா?"

இல்லை என்பது அவருக்கு ஐயந்திரிபறத் தெரியும். இருந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். பேக்கப் உள்ள வீட்டில் துக்கம் ஏது? எனினும் அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்பதற்காகவே காப்பியைத் துறந்து மூன்று மாடி ஏறி வந்திருக்கிற அந்த மகானுபாவர், வீட்டுத் தலைவர் தலையைத் தொங்கவிட்டு "இல்லை" என்று முணுமுணுக்கும் அந்தக் க்ஷணத்தில் அடைகிற ஆனந்தத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் அனுதாபமாக மாற்றி, "ச்சொ... ச்சொ..." என்று நாக்கைத் தட்டுகிற நேர்த்தியை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன், அதில் அவருக்கு நிகர் அவரே.

துக்க வீட்டில் புராணம் படிப்பது நம் வழக்கம். மாமாவிடமும் ஒரு புராணம் உண்டு. 1998-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பிக்ஸார் என்னும் சித்திரப்படக் கம்பெனியில், 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்த சமயம், எவரோ இட்ட தவறான ஓர் ஆணையால் படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழிந்துபோக, கேலின் சூஸ்மன் என்னும் அம்மையார், குழந்தை பிறந்திருந்தபடியால் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காக அங்கே ஒரு பிரதி வைத்திருந்தது தெரியவந்து, அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள். இதை மாமா சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆனால் புராணத்தின் பூர்வ பாகத்தை அவர் ஒருநாளும் சொல்வதில்லை. அந்தக் கம்பெனியிலும் முறையாக பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்; ஆபத்து வந்தபின் திறந்து பார்த்தபோதுதான், அது சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. பிரதி எடுப்பது வேறு, எடுத்த பிரதி திரும்பி வருமா என்று பார்ப்பது வேறு என்ற பாடத்தை அந்தக் கதையிலிருந்து நீக்கிவிட்டால், மிஞ்சுவது மாமாவின் பெட்டிக்கு ஒரு ஸ்தோத்திரம்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். அரைக்கிலோ மைசூர்பாகுப் பெட்டி அளவில், வெள்ளை வெளேரென்று, நெற்றியில் ஒரு பச்சை விளக்கோடு, அவர் வீட்டு ஹாலில் கணினிக்குப் பக்கத்திலேயே எழுந்தருளியிருக்கிறது. "ஒயரே கிடையாது, சார்! எல்லாம் காற்றிலேயே போகிறது" என்பார். மின்சார ஒயர் ஒன்று பின்புறம் தொங்கி இன்வெர்ட்டரில் போய் முடிவதை ஒருமுறை சுட்டிக்காட்டினேன். அது கணக்கில் சேராதாம். கம்பெனி எதுவானாலென்ன, வம்சத்தை மட்டும் பெருமையோடு சொல்வார்: 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, ரவுட்டரையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து டைம் காப்ஸ்யூல் என்று உலகுக்கு அறிமுகம் செய்தாரே, அந்த மரபில் வந்ததாம் இது. அந்த மூதாதையரில் முதல் சில மாதங்களில் விற்றவை சில மின்சாரம் ஏறாமல் படுத்துவிட்டதையும், ஆப்பிள் கம்பெனியே முன்வந்து அவற்றை இலவசமாகப் பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுத்ததையும், 2018 ஏப்ரலில் அந்த வம்சமே நிறுத்தப்பட்டதையும் அவர் சொல்வதில்லை. வம்சாவளி சொல்கிறவர்கள் எவர்தாம் அவற்றையெல்லாம் சொல்கிறார்கள்?

காற்றில் போவது என்னவோ உண்மை. போகிற வேகம்தான் சோதனை. நொடிக்கு ஐந்து மெகாபைட் வீதம் ஒரு டெராபைட் ஏறுவதற்கு ஐம்பத்தைந்து மணி நேரம் பிடிக்கும் என்பது காகிதத்தில் போட்டுப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். முதல் பிரதி எடுத்த அந்த நாட்களில் மாமா வீட்டில் நடந்தது கிட்டத்தட்ட ஓர் ஊரடங்கு. மருமகளின் ஆபீஸ் மீட்டிங் நடுவில் உறைந்து நின்றது. பேரன் அடுத்த வீட்டுக்கு அனுப்பப்பட்டான். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன என்ற சாஸ்திரத்தை அறிந்தவராகையால், சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மாமி ஒரு டம்ளர் பாலைச் சுடவைக்கவும் அனுமதி மறுத்தார். இப்படியெல்லாம் ஏறிமுடிந்த பிரதியை, சில மாதம் கழித்துக் கணினி தானாகவே பரிசோதித்துவிட்டு, நம்பகத்தை அதிகரிக்கும் பொருட்டு எல்லாவற்றையும் புதிதாக ஆதியிலிருந்து எடுக்கவேண்டியிருக்கிறது என்று ஓர் அறிவிப்பை நீட்டியது. பழைய பிரதி கெட்டுவிட்டது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. மாமா துளியும் கலங்கவில்லை. "பார்த்தீங்களா, எவ்வளவு பொறுப்பு!" என்று பெட்டியை மெச்சிக்கொண்டே மறுபடி சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டார்.

அவர் பக்தியெல்லாம் அந்தப் பச்சை விளக்கின்மேல்தான். உள்ளே இருப்பது என்ன, கேட்டால் வருமா என்பதெல்லாம் அவருக்கு நாஸ்திகவாதம். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் மை புக் லைவ் என்ற பெட்டிகளுக்குள் இணையத்தின் வழியே விஷமிகள் புகுந்து, சொந்தக்காரர்கள் அறியாமலே உள்ளிருந்ததையெல்லாம் துடைத்துவிட்ட செய்தியை நான் எடுத்துக் காட்டியபோது, "அது வேற மாடல்" என்று முடித்துவிட்டார். பிரதி மூன்று வேண்டும், இருவகைச் சாதனத்தில் வேண்டும், ஒன்றாவது வேறிடத்தில் இருக்கவேண்டும் என்ற விதியை ஊருக்கெல்லாம் உபதேசிக்கிறவர், தம் கணினியையும் பெட்டியையும் ஒரே மேஜையில், அதுவும் தரைத்தளத்தில் வைத்திருக்கிறாரே, 2015 டிசம்பர் வெள்ளம் மறந்துபோயிற்றா என்று கேட்டேன். "நம்ம தெருவுக்குத் தண்ணி வரலையே, சார்."

மார்ச் 31-ஆம் தேதி உலக பேக்கப் தினம் என்று ஒன்று உண்டு; அன்று காலை ஐந்தரை மணிக்கே குழுவில் அவருடைய வாழ்த்து வந்து விழும். மறுநாள் என்ன தினம் என்பதை எவரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை.

எங்கள் சிநேகிதர் ஒருவருடைய சஷ்டியப்தபூர்த்திக்கு, குற்றாலத்தில் எல்லோருமாக நின்று எடுத்துக்கொண்ட பழைய படம் ஒன்று தேவைப்பட்டது. அது மாமாவின் பெட்டியில் இருக்கிறது என்பது பிரசித்தம். அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். போய்க் கேட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி சிறிது நேரம் உறுமிற்று; விளக்கு சிமிட்டிற்று; திரையில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. "இண்டெக்ஸ் ஆகிறது" என்றார். சற்றுக் கழித்து, "நெட்வொர்க் பிஸி" என்றார். பிறகு கடவுச்சொல் கேட்டது, அதை ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தாராம், அந்த டைரி எங்கே என்ற தேடல் தொடங்கி, பரண்மேல் ஏணி வைக்கும் கட்டத்துக்கு வந்தபோது, உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த மாமி, "குற்றாலத்துப் படமா? போன வருஷம் யாரோ வாட்ஸப்ல அனுப்பினாங்களே, என் போன்லயே இருக்கே" என்று இரண்டு நொடியில் எனக்கு அனுப்பிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று திரும்பிப் போய்விட்டாள். மாமா அந்தப் படத்தைப் பார்த்து, "ரெசல்யூஷன் கம்மி" என்றார்.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் சிரித்து மறந்துவிடலாம். ஒன்றைச் சிரித்து மறக்க எனக்கு மனமில்லை. எதிர் பிளாக்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். காலஞ்சென்ற கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய குரல் பதிவுகள் அவருடைய போனில் இருந்தன. மாத்திரை சாப்பிட்டாயா, கேஸ் புக் பண்ணினாயா என்கிற மாதிரியான பேச்சுகள். அந்த போன் ஒருநாள் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. அங்கேயும் போனார் மாமா. அங்கேயும் தண்ணீர் குடித்தார். அங்கேயும் காலண்டரைப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார். அம்மையார் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். நஷ்டப்பட்டு நிற்கிறவளிடம், நஷ்டப்படாமல் இருந்திருக்கலாம் என்று சொல்வதில் என்ன பரோபகாரம் இருக்கிறது? அது உபதேசமும் அல்ல, அனுதாபமும் அல்ல, சுத்தமான அகம்பாவம். அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன்; இங்கேயும் சொல்கிறேன்.

ஆனால் மறுநாள் உச்சிவெயிலில், அந்த போனை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியவரும் அவரேதான். ஒரு சின்னஞ்சிறு கடையில், பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டிருந்த பையன் ஒருவன் போர்டைக் கழற்றிக் கழுவி உலர்த்தி உயிர்ப்பித்துக் கொடுக்கும்வரை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாராம். பதிவுகளில் பெரும்பாலானவை வந்துவிட்டன. அவற்றை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பேசுகிறதா என்று கேட்டுப் பார்த்து, அம்மையாரிடம் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் வந்துவிட்டார். தம் பெட்டியில் ஒருநாளும் செய்யாத பரிசோதனையை அடுத்தவர் விஷயத்தில் செய்தார் என்பதைக் கவனித்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடக்கமாக இருந்திருப்பார் என்றும் தோன்றவில்லை; ஒரு மாதம் லிஃப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவர் அனைவருக்கும் இந்தக் கதை கிடைத்தது.

என் வெள்ள உபதேசமும் அவர் மனத்தில் எங்கோ ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். கையில் புதிதாக ஒரு பெட்டி, இதுவும் வெள்ளை, விளக்கு மட்டும் நீலம்.

"நீங்க சொன்னது நியாயம், சார். ஒரு பிரதி வேற இடத்துல இருக்கணும். நீங்க ரெண்டாவது மாடி. வெள்ளம் வந்தாலும் எட்டாது. உங்க ரவுட்டர் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் சும்மாதானே இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் பெட்டி என் புத்தக அலமாரியில் ஏறிவிட்டது. இரண்டு அகராதிகள் இறங்கிவிட்டன. விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் காலையும் மாலையும் வருவதாகவும், நாங்கள் ஊருக்குப் போனால் சாவியைத் தம்மிடம் கொடுத்துப் போகவேண்டும் என்றும், முதல் பிரதி ஏறி முடியும்வரை மைக்ரோவேவைத் தொடவேண்டாம் என்றும் மூன்று நிபந்தனைகளை விதித்தார். மின்கட்டணத்தைப் பற்றிப் பிரஸ்தாபமே எழவில்லை. எங்கள் குழந்தைகளின் படங்களையும் அதிலேயே போட்டு வைக்கலாமா என்று என் மனைவி சற்று ஆசையோடு கேட்டாள்.

"முதல்ல என்னது ஏறட்டும், அம்மா" என்றார் மாமா.