தரைதட்டும் பெடல்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி – பதில்

கே: 1967 எம்.ஜி.பி. வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பிரேக் ஆயில் குறைகிறது. ஊற்றி நிரப்பி ஓட்டுகிறேன். இப்படியே தொடரலாமா?

ப: ஆயில் கடைக்காரரைக் கேட்டால் தாராளமாகத் தொடரச் சொல்வார். பிரேக் ஆயில் எரிந்து தீர்கிற சரக்கு அல்ல. ஊற்றியது உள்ளேயே இருக்க வேண்டும். முன்சக்கர டிஸ்க் பேடு தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் முன்னுக்கு வரும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப, டப்பாவில் மட்டம் கொஞ்சம் இறங்கும். அது நியாயமான குறைவு. பல மாத ஓட்டத்தில்தான் கண்ணுக்கே தெரியும். மாதாமாதம் குறைகிறது என்றால் ஒழுக்கு, சந்தேகமே வேண்டாம். இன்னொன்று: அமெரிக்கா போன எம்.ஜி.பி.களுக்கு 1968 மாடலிலிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரட்டைச் சுற்று வந்தது. உங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக்கும் குலதெய்வமும்தான்.

கே: ஷெட் தரையில் ஈரம். பிரேக் ஆயிலா, இன்ஜின் ஆயிலா? இந்த வயதில் என் காரில் எல்லாமே ஒழுகுகிறது.

ப: கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்த ஈரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். மேலே மிதந்து வானவில் காட்டினால் இன்ஜின் ஆயில் அல்லது கியர் ஆயில். கியர் ஆயில் என்றால் கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும். தண்ணீரோடு கலந்து சுவடே இல்லாமல் போனால் பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4 இரண்டுமே தண்ணீரோடு கலப்பவை. ரேடியேட்டர் கூலன்ட்டும் கலக்கும். ஆனால் அதன் சாயம் காட்டிக்கொடுக்கும். முந்தைய உரிமையாளர் ஊதா நிற சிலிகான் டாட் 5 ஊற்றியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. அது தண்ணீரோடு சேராது. நாக்கில் தொட்டுப் பார்க்கும் வீரவிளையாட்டு மட்டும் வேண்டாம். விஷம்.

கே: பிரேக் ஆயில்தான் என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ப: பர்ஸிலிருந்து வேண்டாம், பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் என்று எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி மாட்டிவிட்டு, கடைசியில் ஒரு யூனியன் நட்டு லூஸாக இருந்ததைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

பின்சக்கர டயரின் உட்புறச் சுவரைப் பாருங்கள். வீல் சிலிண்டர் ஒழுகினால் டிரம்முக்குள் சேரும் ஆயில், பின்தட்டின் கீழ் விளிம்பு வழியாக இறங்கி, சக்கரம் சுற்றும் வேகத்தில் டயர் சுவரில் விசிறி போலக் கோடுகள் இழுக்கும். கோடு பளபளவென்று ஈரமாக இருந்தால் இப்போதைய ஒழுக்கு. மண் அப்பிக் காய்ந்திருந்தால் பழைய கதை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்) டிரம்மைக் கழற்றுங்கள். சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையின் விளிம்பை மொட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தூக்குங்கள். ஆயில் வழிந்தால் குற்றவாளி அகப்பட்டது. ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டாதீர்கள். லைனிங் ஊறினால் ஊறியதுதான். இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் அடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

அங்கே ஈரம் இருந்து, ஆனால் கந்தக நாற்றம் அடித்தால் சிலிண்டரைத் திட்டாதீர்கள். அச்சின் ஆயில் சீல் போய் கியர் ஆயில் வந்திருக்கிறது.

பின்பக்கம் சுத்தம் என்றால் அடுத்து ரப்பர் ஹோஸ்கள்: மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பிறகு இரும்புக் குழாய்கள், குறிப்பாக கிளிப் பிடித்திருக்கும் இடங்கள். கிளிப்புக்கு அடியில் தங்கும் மண்ணும் ஈரமும் குழாயை அரித்திருக்கும். வெளியே பெயின்ட் ஒழுங்காகத்தான் இருக்கும். மாற்றுவதானால் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள், துரு பிடிக்காது. கடைசியாக, பலரும் மறக்கிற ஒன்று: பழைய எம்.ஜி.பி.யில் பிரேக் விளக்கு ஸ்விட்ச், குழாயில் உள்ள அழுத்தத்தால் இயங்குவது. அதன் ஓரத்திலும் கசியும்.

கே: சக்கரம் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. டிரைவர் பக்கத்து மேட் மட்டும் நனைகிறது. மழைத் தண்ணீரா?

ப: திறந்த காரில் அது நல்ல சந்தேகம்தான். ஆனால் மழைத் தண்ணீர் பெயின்ட்டைக் கொப்புளிக்க வைக்காது. பெடல் பெட்டியைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய், ஆயில் தள்ளுகம்பி வழியாகப் பெடலில் இறங்குகிறது. இதில் ஒரு வம்பு: கிளட்சுக்கும் ஹைட்ராலிக் மாஸ்டர் சிலிண்டர்தான், அதே ஆயில்தான், பக்கத்துப் பக்கத்து வீடு. மேட்டை மட்டும் பார்த்துப் பிரேக் சிலிண்டரை மாற்றினால் ஒழுக்கு மாறாமல் பணம் மட்டும் போகும். டிஷ்யூ பேப்பரால் இரண்டு பெடல் தண்டின் மேல்பகுதியையும் தனித்தனியாகத் துடையுங்கள். எது நனைகிறதோ அதன் சிலிண்டர். எந்த டப்பாவில் மட்டம் இறங்குகிறது என்பதும் சாட்சி சொல்லும்.

கே: எங்கேயும் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனாலும் ஆயில் குறைகிறது. பேய் குடிக்கிறதா?

ப: பிரேக்குக்குக் கைகொடுக்கும் சர்வோ இருக்கிறதா? அப்படியானால் குடிப்பது இன்ஜின். சர்வோவுக்குள் சீல் போனால், வாக்குவம் ஹோஸ் வழியாக ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். சைலன்சரில் காரணமில்லாத வெள்ளைப் புகை வரும். சர்வோவிலிருந்து அந்த ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஈரமாக இருந்தால் பேய் பிடிபட்டது.

கே: என் கார் நேர்மாறு. ஆயில் குறையவே இல்லை. சிக்னலில் பெடலை மிதித்தபடி நின்றால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது.

ப: ஒழுக்கு உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கப் தேய்ந்து, அழுத்தத்தில் உள்ள ஆயில் அதைத் தாண்டிப் பின்னுக்கே திரும்பிவிடுகிறது. வேகமாக மிதித்தால் பிடிக்கும், மெதுவாக மிதித்தால் ஏமாற்றும். ஒழுக்கு வகைகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பெடல் இறங்காமல் பஞ்சு மாதிரி அமுங்கினால் வேறு கதை: குழாயில் காற்று. ஏர் எடுங்கள்.

கே: மாஸ்டர் சிலிண்டருக்கு ரிப்பேர் கிட் போதுமா, புதிது வேண்டுமா?

ப: பிஸ்டனை எடுத்துவிட்டு உட்சுவரில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டர் சுவரில் குழி பறித்திருக்கும். குழி இருந்தால் புது ரப்பரும் சில வாரத்தில் கிழியும். கண்ணாடியாக இருந்தால் மட்டும் கிட். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கே: வழியில் அவசரம். பிரேக் ஆயில் இல்லை, இன்ஜின் ஆயில் இருக்கிறது. கொஞ்சம் ஊற்றலாமா?

ப: ஊற்றலாம், வண்டியை விற்கிற எண்ணம் இருந்தால். அதுவும் பாவம். மினரல் ஆயில் பட்டால் பிரேக் ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். பிறகு மாஸ்டர் முதல் கடைசிச் சக்கரம் வரை ஒரு ரப்பர்கூட மிஞ்சாது.

கே: ஜாகுவார் இ-டைப்பில் பின் பிரேக் ஒழுகினால் டயரில் தெரியாதாமே?

ப: தெரியாது. 1961-இல் வந்த அந்தக் காரில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தின் பாரம் குறைந்து ஓட்டம் சுகமானது. ஆனால் பிரேக்கின் சூடு டிஃபரன்ஷியல் ஆயில் சீலை வாட்டும், சீல் போனால் கியர் ஆயில் டிஸ்க்கில் தெறிக்கும். எனவே அங்கே ஈரம் கண்டதும் முதலில் டம்ளர் சோதனை, பிறகு காலிப்பர் பக்கம் போகலாம். அழகான காரில் மெக்கானிக் படுத்தே கிடக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கே: அப்பா சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தார். அதில் கற்றது என் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு உதவுமா?

ப: சொந்தக்காரர்கள்தான். 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயருக்கு அடித்தளமே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கியதுதான். அந்த ஹெரால்டைத்தான் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்தது. இரண்டிலும் முன்பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் மேலே திறக்கும். முன்சக்கர ஹோஸை நின்றபடியே பார்க்கலாம். இந்த வசதி எம்.ஜி.பி.க்காரர்களுக்கு இல்லை. அப்பாவைக் கேட்டு டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், பெடல் மிதிக்க ஆள் வேண்டுமே.

கே: என் பிரேக் சிலிண்டரில் 'லாக்ஹீட்' என்று இருக்கிறது. விமானக் கம்பெனியா?

ப: ஒரே குடும்பம். ஆலன், மால்கம் சகோதரர்கள் விமானம் கட்டினார்கள். மால்கம் 1919-இல் விலகி ஹைட்ராலிக் பிரேக் பக்கம் வந்துவிட்டார். ஒருவர் பறக்க வைத்தார், ஒருவர் நிற்க வைத்தார்.

கே: ஆயில் மாற்றும்போது பானட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. என்ன செய்யலாம்?

ப: உடனே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள். கேள்வியைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தீர்கள் என்றால், அடுத்த இதழில் பெயின்ட் பற்றிக் கேளுங்கள்.