மூவர் கோயிலில் மன நிம்மதி

கொடும்பாளூரை ஆண்ட பூதி விக்கிரமகேசரி விவரமானவர். தனக்கு ஒன்று, மனைவியர் கற்றளிக்கும் வரகுணாவுக்கும் ஆளுக்கொன்று என 10-ஆம் நூற்றாண்டில் மூன்று கோயில்களைத் தனித்தனியே எழுப்பிவிட்டார். வீட்டு நிம்மதிக்கு இத்தனை செலவான வைத்தியம் வேறு உண்டா? இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதில் அடித்தளமே மிச்சம். இடிந்தது யாருடையது என்று கேட்காதீர்கள், பழைய சண்டை கிளம்பும்.

இப்போது 'டென்ஷன்' குறைய இங்கே வருகிறார்கள். வாரம் 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மவர் புல்வெளியில் பத்தடி நடந்து, இருபது செல்ஃபி எடுத்து, லைக் ஏறவில்லையே என்று முகம் வாடிக் கிளம்புகிறார். டீக்கடையில் "சர்க்கரை தூக்கலா ஒண்ணு" என்றபோதுதான் லேசாகச் சிரித்தார். அதையும் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறாராம்.