சுண்ணாம்புக் கலயமும் வெறுங்கலயமும்

1985-ல் எனக்குப் பத்து வயது. வாசுதேவநல்லூரிலிருந்து நெல்கட்டும்செவல் போகும் பக்கம் எங்கள் வயல். வரப்பை ஒட்டிப் பனைகள் வரிசையாக நிற்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள். பாளையும் ஒன்று, அதைச் சீவுகிற அரிவாளும் ஒன்று, வடிகிற சாறும் ஒன்றுதான். சுண்ணாம்பு பட்ட சாறு புளிக்காது. படாதது மரத்தில் தொங்கும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும்.

தாத்தாவிடம் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. "சுண்ணாம்புக் கலயம் நுங்குக்கு, வெறுங்கலயம் மீனுக்குலே" என்பார். விடியற்காலையில் பச்சை ஓலைப் பட்டையில் எனக்குப் பதநீர் ஊற்றி, இளநுங்கைப் பெருவிரலால் நோண்டி அதில் போடுவார். கையில் ஒரு மாங்காய்க் கீற்றும் தருவார். தித்திப்பு திகட்டப் போகிற நேரம் பார்த்து மாங்காயைக் கடிக்க வேண்டும். முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது.

அவருக்கு மத்தியானம் கள்ளுக்கடை. 1981-ல் திறந்த கடைகள் அப்போது நடந்துகொண்டிருந்தன. ஆச்சி அயிரைமீன் குழம்பைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவாள். ஒருநாள் வழியில் விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணீரோடு வந்து கேட்டேன், ஏன் ஆச்சி இம்புட்டு உறைப்பு என்று. "கள்ளுக்கு இந்த உறைப்பு வேணும்லா ராசா. வெறுஞ்சோத்துக்குன்னா கொறச்சுத்தான் போடுவேன்" என்றாள்.

1987 ஜனவரி 1-ல் கள்ளுக்கடைகளை மூடினார்கள். தாத்தா மத்தியானத்தில் மோர் குடித்தார். ஆச்சி குழம்பில் மிளகாயைக் குறைத்துவிட்டாள்.

போன வருஷம் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தேன். ஒரு சாயங்காலம் உணவகம் ஒன்றுக்கு அழைத்துப்போனாள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஏற்ற ஒயினை அவர்களே தேர்ந்து தருவார்களாம். பரிமாறியது ஒரு தமிழ்ப் பெண். முதலில் வறுத்த மீன்; கூடவே ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங். துளித் தித்திப்பில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் எலுமிச்சை வாசனை. பக்கத்து ஊர் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குள் காலையில் நுழைந்த மாதிரி இருந்தது. மீனுக்கு எலுமிச்சை பிழிகிற வேலையை அந்த ஒயினே செய்துவிட்டது.

அடுத்து மீன்தலைக் கறி. இதற்கு ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங். "ரெண்டும் ஒரே திராட்சைதான் அங்கிள், நாடுதான் வேற" என்றாள் அந்தப் பெண். மோசலில் குளிர் அதிகம். சர்க்கரை முழுவதும் புளித்துத் தீர்வதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் தித்திப்பு மிச்சமிருக்கும், ஆல்கஹால் எட்டு, ஒன்பது சதவீதத்தோடு நின்றுவிடும். ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிச்சலும் கூடும், தித்திப்பு அதைத் தணிக்கும் என்று பொறுமையாக விளக்கினாள். எனக்குத் தூக்குவாளி ஞாபகம் வந்துவிட்டது. கள்ளில் ஆல்கஹால் இதைவிடக் குறைவு, அதிலும் லேசான தித்திப்பும் புளிப்பும் உண்டு. ஆச்சி மிளகாயைக் கூட்டிப் போட்டதன் காரணத்தை நாற்பது வருஷம் கழித்து ஒருத்தி எனக்குச் சொல்லித் தருகிறாள்.

தாத்தாவின் இரண்டு கலயங்களைப் பற்றி அவளிடம் சொன்னேன். கண் விரியக் கேட்டவள், "அந்தக் கள்ளு இப்ப உங்க ஊர்ல எங்க அங்கிள் கிடைக்கும்?" என்றாள்.

கிடைக்காது. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் உரிமம் வாங்கிய ஷாப்பில் கப்பைக் கிழங்கும் மீன்கறியுமாகத் தென்னங்கள் கிடைக்கும். செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கள் உணவோடு சேர்ந்தது, இந்தப் பக்கம் குற்றம். அரசுக் கடையிலேயே ஒயின் விற்கிற தமிழ்நாட்டில், மாநில மரமான பனையின் கள்ளுக்கு மட்டும் தடை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். மோசல்காரர்கள் திராட்சை விளைந்த சரிவின் பெயரைக்கூடப் பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். எங்கள் வரப்பில் இன்று நிற்பவை மூன்றே பனைகள். ஏற ஆளில்லை.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் வந்தால் காலை வெயில் ஏறுமுன் வாருங்கள். சாலையோரம் பதநீர் விற்பவரைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், பட்டையில் ஊற்றச் சொல்லுங்கள். நுங்கைக் கேட்டு வாங்குங்கள். மாங்காயைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.