ஊர் முழுக்கப் பன்னிரண்டு

எண்பதுகளில் ராமேசுவரம் தீவுக்குக் கணக்கெடுக்கப் போனால் வயது கேட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "அம்பதுன்னு போட்டுக்கங்க தம்பி" என்பார் பெரியவர். பக்கத்து வீட்டுக்காரரும் அம்பது. அவருடைய அண்ணனும் அம்பதுதான்! "சரிங்கய்யா, புயலப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்று மடக்குவோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைத் தின்ற புயல்தான் எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ். 0, 5 என்று வயது முடிவது எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று பார்க்க விப்பிள் குறியீடு உண்டு: 100 வந்தால் குறையில்லை, 500 வந்தால் ஊரே அம்பது, அம்பத்தஞ்சு.

அலட்சியம் ஜனங்களிடம் மட்டுமா? எங்கள் குழுவில் ஒருவர் பாம்பன் டீக்கடையைத் தாண்டமாட்டார். சாயங்காலத்துக்குள் படிவங்கள் தயார். பதில்களில் என்ன அழகு! ஒரு வீட்டுக்காரர் மாதம் 14 நாள் கடலுக்குப் போவார், அடுத்தவர் 17, அதற்கடுத்தவர் 11. மேற்பார்வையாளர் தாளை முகர்ந்து பார்த்தார். "ஒரு தாள்லகூட மீன் வாடை இல்லியேப்பா" என்றார். அவ்வளவுதான் விசாரணை. (ஒரே ஊருக்குத் தனித்தனியாக இரண்டு குழுக்களை அனுப்பி ஒப்பிடும் முறையைப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் எப்போதோ வகுத்துத் தந்திருந்தார். அதற்கு ஆளும் படியும் வேண்டுமே.)

இப்போது டேப்லெட் முகர்கிறது. ஒரு கேள்விக்கு எத்தனை விநாடி, ஆள் நின்ற இடம் எது, ஒரே விடை வரிசையாக எத்தனை தரம், எல்லாம் பதிவாகும். நடுவில் "இங்கே மூன்றாவது விடையைத் தொடவும்" என்று ஒரு பொறிக் கேள்வி. மனிதக் கூட்டங்களின் உடலளவுகளை ஒப்பிடப் புறப்பட்ட மகலனோபிஸ் 1936-இல் தந்த 'தூரம்' என்ற அளவுகோல், இன்று ஏனோதானோவென்று பதில் சொல்பவரைப் பிடிக்க உதவுகிறது.

அண்மையில் ஓர் இளம்பெண் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் கணக்கெடுத்தாள். மாதம் எத்தனை நாள்? "பன்னெண்டு." அடுத்த வீடு, பன்னெண்டு. தெரு முழுக்கப் பன்னெண்டு. பாசி திரும்ப வளரட்டும் என்று மன்னார் வளைகுடாப் பெண்கள் தாங்களே கூடிப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. அலுவலகத் திரையிலோ அத்தனையும் சிவப்பு: 'நேரில் செல்லாமல் நிரப்பியது.' மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுக்காரர்கள் சொல்லும் பூஜ்யத்துக்கும் இதே கதிதான். டீக்கடையிலேயே படிவம் நிரப்பியவரின் 14, 17, 11 இன்றைக்கு இருந்தால் பச்சையாகத் தேறியிருக்கும்.

மறுபடி போகச் சொன்னார்கள், போனாள்.

"அன்னைக்கே பன்னெண்டுன்னு சொன்னேனே தாயி, உங்க ஆபீசுல ஒருத்தரும் எழுதி வச்சுக்கலயா?"