மீன்தொட்டியில் உழிஞைத் திணை: மயிலாடும்பாறையை முன்வைத்து ஓர் ஆய்வு

வேட்டை மீன்கள் ஏன் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன என்று கேட்டால், டீக்கடை முதல் மீன் கடை வரை எல்லாரும் சொல்லும் விடை: பசி. இவ்விடை பிழை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் தேனி மாவட்டம் மயிலாடும்பாறை. மூல வைகை இவ்வூர் வழியாகத்தான் இறங்குகிறது என்றாலும் ஆண்டில் பாதிக்கு மேல் அங்கே மணலைத்தான் பார்க்கலாம். உயிரோடு மீன் பார்க்க வேண்டுமானால், ஒரு கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் வாஸ்துவுக்காக வைத்த கண்ணாடித் தொட்டிதான் கதி. தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று விரிவாகச் சொல்லும் வாஸ்து, உள்ளே யாரை யாரோடு விடுவது என்பதைச் சொல்லாமல் விட்டது அச்சாத்திரத்தின் பெருங்குறை.

தொட்டியின் அளவு நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. விளிம்பு வரை ஊற்றினாலும் 56 லிட்டர் சொச்சம். குடியிருப்போர்: ஆஸ்கர் இரண்டு, ஃப்ளவர்ஹார்ன் ஒன்று. ஆஸ்கர் அமேசான் ஆற்றுக்காரன், வளர்ந்தால் ஓரடி. ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் தோன்றியதல்ல. 1990களில் மலேசியாவில் பல மீன்களைக் கலந்து மனிதர்கள் உண்டாக்கியது. சொந்த ஊர் என்று ஒன்று இல்லாததாலோ என்னவோ, இருக்கும் இடம் முழுவதும் தன் பேரில் எழுதியிருப்பதாக அது நம்புகிறது. இரண்டும் சிக்லிட் குடும்பம். 1952இல் இந்தியாவுக்குள் வந்து, இன்று அணைதோறும் வலையில் விழும் ஜிலேபியும் அதே குடும்பம்தான். ஒரு பங்காளியைக் குழம்பு வைத்துவிட்டு இன்னொரு பங்காளிக்குத் தீனி போடுகிறோம் என்பது தொட்டிக்குள் இன்னும் தெரியாது.

பசிக் கோட்பாட்டை இனி மறுப்போம். பசித்த மீன் தன் வாய்க்குள் நுழைவதைத்தான் தேடும். கோபமே இல்லாமல் விழுங்கிவிட்டுப் போய்விடும். வாய்க்குள் நுழையாத, தன் அளவே உள்ள இன்னொரு மீனைக் கடிப்பதால் வயிற்றுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. காலைத் தீனி தின்று வயிறு புடைத்த பிறகும் இவை மோதுகின்றன. அதுவும் எப்போதும் ஒரே இடத்தில், மூலையில் கிடக்கும் உடைந்த மண்சட்டி வாசலில்.

இதற்கு விளக்கம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. புறத்திணை ஒவ்வொன்றும் ஓர் அகத்திணைக்குப் புறன். வெட்சி குறிஞ்சிக்கு, உழிஞை மருதத்துக்கு. மருதம் நீர்வளம் மிக்க நிலம், மீன் துள்ளும் நிலம். ஆகவே மீனின் போர் உழிஞையாகத்தான் இருக்க முடியும்: மதிலை வளைத்தல், அரணைக் கைப்பற்றுதல். மண்சட்டியே மதில். உரையாசிரியர்கள் இதைச் சுட்டாமல் போனதற்குக் காரணம், அவர்கள் காலத்தில் கண்ணாடித் தொட்டி இல்லாமைதான்.

போர்முறையும் இதை உறுதி செய்கிறது. முதலில் உடம்பின் நிறம் மாறும். செவுள் மூடியை விரித்துத் தலையைப் பெரிதாகக் காட்டும். பக்கவாட்டில் நின்று வாலால் தண்ணீரை எதிரிமேல் தள்ளும். அதற்கும் மசியாவிட்டால் உதட்டோடு உதடு கவ்விக்கொண்டு இழுபறி. தோற்றவன் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டுவான். ஆற்றில் என்றால் ஓடிவிடலாம். தொட்டியில் தோற்றவனுக்கு ஓட இடமில்லை. எனவே வென்றவன் போர் முடிந்ததாகவே எண்ணுவதில்லை.

மேனாட்டுச் சான்று ஒன்றையும் காட்டாவிட்டால் ஆய்வு எடுபடாது. 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ் சிக்லிட் இணைகளைக் கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் வளர்த்தார். தடுப்புக்கு அப்பால் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து முறைக்கும் வரை ஆண்மீன் தன் துணையிடம் பணிவாக இருந்தது. கண்ணாடியில் பாசி படர்ந்து எதிரி மறைந்ததும் துணைமேல் பாய்ந்தது. பாசியைத் துடைத்ததும் குடும்பத்தில் அமைதி திரும்பியது. இல்லற அமைதிக்குப் பக்கத்து வீட்டுப் பகை இன்றியமையாதது என்பதை எங்கள் பகுதியில் எந்தப் பரிசும் வாங்காமலே பலர் மெய்ப்பித்திருக்கிறார்கள்.

ஆக, இது வரப்புத் தகராறு. மருந்தும் சர்வேயர் கையில்தான். புது மீனை விடுவதற்கு முன் கல், சட்டி எல்லாவற்றையும் எடுத்து இடம் மாற்றி வையுங்கள். பழைய பட்டா செல்லாமல் போகும். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். மீனைவிடச் சட்டி அதிகம் இருக்கட்டும், ஒன்றின் வாசலிலிருந்து இன்னொன்றின் வாசல் தெரியாதபடி. மிதிபட்டவனைப் பாவம் பார்த்து வேறு தொட்டிக்கு மாற்றுவது பொதுவழக்கம். தவறான பஞ்சாயத்து அது. மிதித்தவனைச் சில நாள் வெளியேற்றுங்கள். திரும்பி வரும்போது அவன் புதுக்குடி, குரல் தாழ்ந்திருக்கும்.

இவ்வளவும் அளந்து கொடுக்க நிலம் இருந்தால்தான். வளர்ந்த ஓர் ஆஸ்கருக்கே நாலடித் தொட்டி வேண்டும். ஃப்ளவர்ஹார்ன் தனிக்குடித்தனத்துக்கு மட்டுமே லாயக்கு. 56 லிட்டரில் மூவரைப் போட்டுவிட்டு மீனின் குணத்தைக் குறை சொல்வதை இவ்வாய்வு ஏற்கவில்லை.

“பேசாம ஆத்துல தண்ணி வர்றப்ப கொண்டுபோய் விட்டுருவமாண்ணே?” என்று கடைக்காரத் தம்பி கேட்டார். வேண்டாம். மூல வைகையில் விட்டது வைகை அணை வரை போகும். ஜிலேபி பரவிய அணைகளில் நாட்டு மீன்கள் பட்ட பாடு போதும். வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.