எந்தப் பக்கம் கட்டலாம்?

ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டிக்குப் போனால் அவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். பன்னிரண்டாவது நகர்வு தாண்டியிருக்கும்; அவருடைய ராஜா மட்டும் பிறந்த கட்டத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்திக் கோட்டை கட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்லை, சிக்கலே அதுதான். வாடகைக்கு வீடு பார்ப்பவர் மாதிரி இரண்டு பக்கமும் ஏறி இறங்குவார். ராஜா பக்கம் அடக்கமான இடம், வாசலில் மூன்று சிப்பாய் காவல்; ஆனால் எதிராளியின் பிஷப் அந்தத் திசையையே முறைக்கிறது. ராணி பக்கம் என்றால் யானை ஒரே நகர்வில் டி வரிசைக்கு வந்துவிடும். ஆனால் ஏ2 சிப்பாய்க்கு நாதியில்லை. அதைக் காக்க ராஜா இன்னொரு தடவை பி1-க்கு நகர வேண்டும். அந்தச் செலவுக்கு மனசு வராது.

“அவன் முதல்ல கட்டட்டும், பார்த்துக்கலாம்” என்பது அவர் கொள்கை. அவன் ராஜா பக்கம் கட்டுவான். இவர் ராணி பக்கம் கட்டி, எச் சிப்பாயை விரட்டி அவன் வாசலைப் பெயர்க்கலாம். சிசிலியன் டிராகன் என்ற தொடக்கத்தில் வெள்ளை செய்வது அதுதானே? ஆனால் அவனும் சும்மா இருக்கமாட்டானே! சரி, இருவரும் ஒரே பக்கம் என்றால் வம்பில்லை. ஆனால் டிரா ஆகிவிடுமோ? பத்து நிமிடம் கரைந்ததும் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் கடிகாரத்தை அழுத்துவார். இப்போது அந்தப் பக்கமும் ஓட்டை.

ராஜாவை நடுவில் விடுவதன் ஆபத்தை விளக்க அவரை மிஞ்ச ஆளில்லை. 1858-ல் பாரிஸ் ஓபரா அரங்கில், ஒரு கோமகனும் பிரபுவும் கூடி யோசித்தும் செஸ் மேதை மார்ஃபியிடம் தோற்ற ஆட்டத்தைக் காய் வைத்தே காட்டுவார்: 12-வது நகர்வில் மார்ஃபி ராணி பக்கம் கட்டினார், கட்டாத ராஜாவுக்கு 17-வதில் மாட். “யானை மேல தாக்குதல் இருந்தா கட்டலாமான்னு 1974-ல கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னாயே நடுவரைக் கேட்டிருக்கார் சார். அவருக்கே சந்தேகம்!” என்று தம்மைத் தேற்றியும் கொள்வார்.

கடைசியில் ஒருவழியாகத் துணிவார். துணிந்த பதற்றத்தில் கை முதலில் யானை மேல் விழும். எதிரே இருக்கும் நான்காம் வகுப்புப் பையன் கையைத் தூக்குவான்: “சார், அங்கிள் யானையைத் தொட்டுட்டார்!” ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும், யானையைத் தொட்டால் யானைதான் நகரும். நகர்ந்த யானையோடு கோட்டை கிடையாது. ஆக, ஒரு பக்கம் நிரந்தரமாக மூடியாயிற்று. இனிக் குழப்பத்துக்கே இடமில்லை. அவரோ, மிஞ்சிய பக்கம் நல்ல பக்கம்தானா என்று யோசிக்க ஆரம்பிப்பார். அதற்குள் பையன் செக் வைத்துவிடுவான். செக்கில் நிற்கும்போது எந்தப் பக்கமும் கட்ட முடியாது.

தோற்றபின் டீ கிளாஸோடு வெளியே வருவார். “பையனுக்கு ஆழம் போதாது சார். ஏழாவது நகர்விலேயே கட்டிட்டான். அப்புறம் அவனுக்கு யோசிக்க என்ன இருக்கு, என்னை அடிக்கிறதைத் தவிர?”