அடுக்களைக்கு வந்த ஆய்வாளர்

ஓய்வு பெறும் ஆண்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவைக்கிறார்களே, மறுநாள் காலை அந்த மனிதர் வீட்டில் எந்த அறைக்குள் புகுவார் என்று யாராவது யோசிக்கிறார்களா? என் வீட்டுக்காரர் அடுக்களைக்குள் புகுந்தார். சமைக்க அல்ல, ஆய்வு செய்ய.

முதலில் சிக்கியது சிலிண்டர். மூன்று மாடி தூக்கி வந்த தம்பியை நிறுத்திவைத்து, மேல்பட்டையில் இருந்த 'பி-28'ஐ வாசித்தார். "பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். 2028 ஜூன் வரை மறுசோதனை வேண்டாம், சரி. காலி சிலிண்டரின் எடையும் இதிலேயே இருக்கு. அதோடு 14.2 கிலோ சேர்ந்து வரணும். தராசு எங்கேப்பா?" தம்பி என்னைப் பார்த்தான். நான் மோர் கொடுத்தேன்.

அடுத்தது டியூப். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். இதை வாங்கியது பெரியவள் கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று ஒரு விசாரணை கமிஷனே நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் புது ஆரஞ்சு டியூப் வந்துவிட்டது.

அப்புறம் தீ. "மஞ்சளா எரியுது பார், பர்னர் ஓட்டை அடைச்சிருக்கு. நீலமா எரிஞ்சாத்தான் பாத்திரத்தில் கரி பிடிக்காது." ஊக்கு எடுத்து அவரே குத்தினார், நீலமாக எரிந்தது. "கடாய்க்கு வெளியே நாக்கு நீட்டுற தீ, காசை எரிக்குது. குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்மில் வை."

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது அத்தனையும் சரி. தப்பாகப் பேசும் புருஷனைச் சமாளிக்க நமக்குப் பாட்டி காலத்திலிருந்தே பயிற்சி உண்டு. சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

கேஸ் வாசனைக்குத் தனி வகுப்பு. "கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியணும்னுதான் மெர்காப்டன் கலக்கிறாங்க. காற்றைவிடக் கனம், அதனால தரையிலேயே படுத்துக்கிடக்கும். நாற்றம் வந்தா ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, எந்த சுவிட்சையும் தொடாதே. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, பொறி வரும். வெளியே போய் 1906க்குப் போன் பண்ணு." என் நாத்தனார் இதை நோட்டில் எழுதியே வைத்துக்கொண்டார்.

போன வாரம் பாலைக் காய்ச்சச் சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். இவர் அடுப்பருகே நின்றபடி என் தம்பிக்குப் போனில் பாதுகாப்புப் பாடம் எடுத்திருக்கிறார். வகுப்பு 'டியூப்' அத்தியாயத்தில் இருந்தபோது பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் 'உஸ்' என்று வந்துகொண்டிருந்தது. நான் ஓடி வந்து குமிழைத் திருகி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து திரும்பினால், பதற்றத்தில் இவர் கை எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குப் போகிறது.

"தொடாதீங்க! பொறி வரும்!"

கை அந்தரத்தில் நின்றது. போனில் என் தம்பி, "சரியாச் சொன்னே அக்கா, அத்தான் இப்பத்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றான்.

இப்போதும் ஆய்வு நடக்கிறது. ஆனால் அடுப்போடு வரும் கையேட்டில் இல்லாத விதி ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன்: அடுப்பில் பால் இருக்கும்வரை, பாதுகாப்பு உட்பட எதைப் பற்றியும் பேசக் கூடாது.